நாலாம் மாடியில் கிடைக்காத சொல்

எங்கள் அடுக்குமாடியில் 'இல்லை' என்ற சொல் எல்லா வீட்டிலும் தாராளமாகக் கிடைக்கும். லிஃப்ட் வேலை செய்யவில்லை, குழாயில் தண்ணீர் இல்லை, கார் நிறுத்த இடம் இல்லை, மகன் சொன்ன பேச்சு கேட்பதில்லை. எங்கள் ஊரான பத்து பெரண்டாமின் பாக்டரிகளில் ஷிப்ட் முடிந்து படியேறுகிறவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டே அதைத்தான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு வருவார்கள். நாலாம் மாடியில், எங்கள் எதிர் வீட்டு அத்தையிடம் மட்டும் அந்தச் சொல் கிடையாது.

அத்தை எங்களுக்கு இரத்த உறவு அல்ல. ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் அம்மாவுக்கும் அவருக்கும் ஒரே சுவர். தோட்டத்தை விற்று, லயத்தை இடித்து, எல்லாரையும் இங்கே கொண்டுவந்து அடுக்கியபோது சுவர் போய் நடுவில் ஒரு நடைவழி வந்தது, அவ்வளவுதான். அம்மா அவரை அக்கா என்பார். எனக்கு மட்டும் ஏனோ அத்தை. தொழிற்பேட்டையில் ஒரு பாக்டரி கேண்டீனில் தட்டு கழுவும் வேலை. கை எப்போதும் ஊறிப்போய் வெளுத்திருக்கும்.

அரிசி தீர்ந்தால் 'அரிசி நெறஞ்சிருக்கு' என்று சொல்வது நம் வீடுகளில் உள்ள பழக்கம்தான். இல்லை என்று வாயால் சொன்னால் அது இல்லாமலே போய்விடும் என்று ஒரு பயம். மற்றவர்கள் அரிசி, உப்பு, மஞ்சளோடு நிறுத்திக்கொள்வார்கள். அத்தை நிறுத்தவில்லை. தண்ணீர் வராத நாளில் தண்ணி நெறஞ்சிருக்கும். மாத்திரை தீர்ந்தால் மாத்திரை நெறஞ்சிருக்கும். ஒருநாள் சமையல் காஸ் தீர்ந்துவிட்டது. கடைக்காரச் சீனருக்குப் போன் போட்டார்.

"தவுக்கே, காஸ் சுடா பெனோ லா."

முதலாளி, காஸ் நிறைந்துவிட்டது என்கிறார். நிறைந்திருந்தால் எனக்கு எதற்குப் போன் போடுகிறாய் என்று அவர் மலாயில் கத்திவிட்டு வைத்துவிட்டார். அத்தை மறுபடியும் போட்டு, அதையே இன்னும் மரியாதையாகச் சொன்னார். மறுபடியும் கத்தல். மத்தியானம் வரை அடுப்பு எரியவில்லை. கடைசியில் அம்மா போனைப் பிடுங்கி, "ஹாபிஸ் லா தவுக்கே! ஹாபிஸ்! காலி!" என்று நடைவழி முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார். அத்தை காதைப் பொத்திக்கொண்டார்.

"ஏன்க்கா, அந்த ஒரு சொல்லச் சொன்னா நாக்கு வெந்துடுமா?"

"அதான் எனக்கும் சேத்து நீ சொல்லிட்டியேடி. அடுப்பப் பத்த வைக்க ரெடியா இரு."

எத்தனை பிள்ளைகள் என்று புதிதாகக் குடிவந்தவர்கள் கேட்பார்கள். "இன்னும் வரல" என்பார். தலை பாதி நரைத்த பிறகும் அதே பதில்தான். கேட்டவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அம்மாவின் முகத்தைப் பார்ப்பார்கள்.

அவரைப் பற்றி எங்கள் புளோக்கில் எல்லாருக்கும் தெரிந்த கதை ஒன்று உண்டு. அரசாங்கக் கிளினிக்குக்கு அம்மாதான் கூட்டிக்கொண்டு போனார். ஏதோ சின்ன ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று மலாய்த் தாதி விவரம் கேட்டிருக்கிறார். "சுவாமி அடா?"

மலாயில் 'சுவாமி' என்றால் புருஷன், 'அடா' என்றால் இருக்கிறாரா. தோட்டத்துப் பெண்களுக்குத் தெரிந்ததெல்லாம் 'லாக்கி' என்கிற பசார் மலாய், அதாவது கடைத்தெரு மலாய்ச் சொல்தான். அத்தை முகம் மலர்ந்து சொன்னாராம்: "அடா, அடா! ரூமா அடா. ஹாரி ஹாரி சாயா செம்பாயாங்." இருக்கிறார், வீட்டில் இருக்கிறார், தினமும் கும்பிடுகிறேன்.

தாதி பேனாவை நிறுத்திவிட்டு ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாராம். அடுத்த தடவை அவரையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னதற்கு அத்தை கொஞ்சம் யோசித்துவிட்டு, "சூசா லா. டிண்டிங். சுடா பாக்கு," என்றிருக்கிறார். கஷ்டம், சுவரில் ஆணி அடித்தாயிற்று.

"புருஷன ஆணி அடிச்சு மாட்டி வச்சிருக்கேன்னு சொல்லிட்டு வந்திருக்குதுலா இந்தக்கா!" என்று அம்மா வீடு வீடாகச் சொல்லிச் சிரித்தார். அத்தையும் சேர்ந்துதான் சிரித்தார். நானும் அதை அறியாமை என்றுதான் பல காலம் நினைத்திருந்தேன். ஆனால் கேண்டீனில் அவரோடு தட்டு கழுவுகிற மலாய்ப் பெண்கள் பொழுதுக்கும் புருஷன்மார்களைத்தான் திட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் வாயில் ஓயாமல் புரள்கிற அந்தச் சொல் இவர் காதில் விழாமலா இருந்திருக்கும்? 'சுவாமி அடா?' என்ற கேள்விக்கு உண்மையான பதில், அவர் வாயில் வராத சொல். வருகிற சொல்லுக்கு ஏற்ற மாதிரி கேள்வியை மாற்றிக்கொண்டார் என்று இப்போது தோன்றுகிறது.

மாமா போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியே பழகியவர் அவர். விடிகாலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டு, மரங்களின் நடுவே நடை, மத்தியானத்தோடு வேலை முடிவு என்று இருந்தவருக்கு நாலாம் மாடி ஒத்துவரவில்லை. பாக்டரியில் சேர்த்துவிட்டார்கள், நிற்கவில்லை. பிறகு குடி. பிறகு ஒருநாள் ஜொகூரில் லாரி வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு, வீடு பார்த்துவிட்டு வந்து அழைத்துப்போகிறேன் என்று இறங்கிப் போனார். நான் அப்போது சிறு பிள்ளை. படியில் இறங்கிய செருப்புச் சத்தம்தான் ஞாபகம், முகம் ஞாபகமில்லை.

அத்தையைப் பொறுத்தவரை மாமா 'இருந்தார்' கிடையாது. 'இருக்காரு'தான். "அவருக்குக் கத்தரிக்கா ஆவாது, சொறிஞ்சுக்குவாரு." "அவரு எம்ஜியார் மாதிரி சட்டைய உள்ள விட்டுப் போடுவாரு, ஆனா தொந்திதான்." பிள்ளைகள் நாங்கள் விளையாட்டாக, "மாமா எங்க அத்தே?" என்று கேட்போம். "வேலையா இருக்காரு." பெரியவர்கள் கேட்டால் அதில் விஷமம் இருக்கும். கோயில் கமிட்டியில் ஒரு ஆள், திருவிழாவில் எல்லார் முன்னாலும் கேட்டார்.

"என்னக்கா, உங்க வீட்டுக்காரரு ஜொகூர்லயே கப்பல் வாங்கிட்டாரா?"

"வாங்கத்தான் நிக்கிறாரு. கப்பல்னா லேசாண்ணே? நீங்க ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கறதுக்கே மாமனார் செத்து வழி விட வேண்டியிருந்துச்சு."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அந்த ஆள் அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அத்தை பக்கம் வரவில்லை.

வீட்டில் முருகன் படத்தின் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு வெகு நேரம் நிற்பார். மாமா திரும்பி வர வேண்டும் என்றுதான் வேண்டுகிறார் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அம்மா ஒருநாள் கேட்டேவிட்டார்.

"அதயா கேப்பாங்க?" என்றார் அத்தை. "கொண்டாந்து விடுன்னு கேட்டா, காணோம்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா? நேரத்துக்கு அவருக்குச் சோறு கெடைக்கணும்னு கேக்குறேன்."

எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் வரை போனவன் நான்தான். படித்தவன் என்பதால் இதற்கெல்லாம் ஒரு பெயர் வைக்க வேண்டும் என்று தோன்றும். நம்பிக்கை என்று வைத்துப் பார்த்தேன். பிடிவாதம் என்று வைத்துப் பார்த்தேன். எதுவும் உட்காரவில்லை. பல்கலைக்கழகத்தில் நான் விரும்பிய பெண் வேறொருவரோடு போய்விட்ட சமயம், விடுமுறைக்கு வந்திருந்தபோது அத்தை கேட்டார், போன்ல பேசிக்கிட்டே இருப்பியே, அந்தப் பொண்ணு எங்க என்று. "இல்ல அத்தே, முடிஞ்சுபோச்சு," என்றேன்.

"அப்படிச் சொல்லாத தம்பி. வேற எடத்துல இருக்குதுன்னு சொல்லு."

அது ஆறுதலாக இல்லை. உண்மையில் எனக்குக் கோபம் வந்தது. முடிந்துவிட்டது என்றால் அழுதுவிட்டு எழுந்துவிடலாம். வேறு இடத்தில் இருக்கிறாள் என்றால் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். அத்தை அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று அன்றுதான் உறைத்தது. அவருடைய பேச்சைக் கேட்டு அதன்பிறகு என்னால் முழுசாகச் சிரிக்க முடியவில்லை.

படிப்பு முடிந்து வேலைக்குக் காத்திருந்த சமயம், ஒருநாள் காலையில் போலீஸ்காரர் ஒருவர் எதிர் வீட்டுக் கதவைத் தட்டினார். இளம் வயது மலாய்க்காரர். கிளேபாங் கடற்கரையில், சாப்பாட்டுக் கடைகளுக்குப் பின்னால், ஓர் ஆணின் உடல் ஒதுங்கியிருக்கிறது. சட்டைப் பையில் அடையாள அட்டை எதுவும் இல்லை. தண்ணீரில் சில நாள் கிடந்திருக்கிறது. பக்கத்து ஊரான பாச்சாங்கில் மளிகைக் கடை வைத்திருக்கிற பாய், படத்தில் இருந்த சட்டையைப் பார்த்துவிட்டு ஒரு விஷயம் சொல்லியிருக்கிறார். இந்த ஆள் போன வாரம் என் கடை முன்வாசல் அஞ்சடியில் படுத்திருந்தார், டீ வாங்கிக் கொடுத்தேன், பார்த்தால் நான் முன்னே அரிசி கொண்டுபோய் இறக்குகிற தோட்டத்து ஆள் மாதிரி இருந்தது என்று. விசாரித்து விசாரித்து இங்கே வந்திருக்கிறார்கள். அடையாளம் காட்ட வேண்டும்.

நான் அதை மொழிபெயர்த்து முடிக்கும் வரை அத்தை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போனார். வரும்போது சிவப்புச் சேலை, பெரிய பொட்டு, தலையில் பூ. நடைவழியில் நின்றவர்கள் வழி விட்டு ஒதுங்கினார்கள். பிணவறைக்கு இப்படிக் கிளம்பிப் போகிற பெண்ணை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள்.

எங்கள் வீட்டுப் பழைய காரில்தான் போனோம். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். கேண்டீனில் புது மேனேஜர், மிளகாய்ச் சம்பாலில் சீனி போடுகிற பழக்கம், இப்படி. பாச்சாங் வந்ததும் பாய் கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அஞ்சடியில் வெங்காய மூட்டைகள் இருந்தன, ஒரு பூனை இருந்தது. அதற்கப்புறம் பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் போர்த்தியிருந்த துணி குட்டையானது. முகத்தைத் திறந்து காட்டியபோது அத்தை குனியாமல், நேராக நின்று பார்த்தார். எனக்கு அது முகமாகவே தெரியவில்லை. போலீஸ்காரர் மெதுவாக, அவர் படித்த மலாயில், சுவாமியா என்று கேட்டார். அங்கே வேலை செய்கிற வயதான மலாய்க்காரர், இந்தம்மாவுக்குப் புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, 'லாக்கி'யா என்று கேட்டார். அந்தச் சொல்லில் ஒளிந்துகொள்ள இடமில்லை.

அத்தை கால்மாட்டுக்கு நடந்துபோனார். துணிக்கு வெளியே பாதம் இரண்டும் நீட்டிக்கொண்டிருந்தன. துணியை இழுத்து மூடி, ஓரத்தைப் பாதத்துக்கு அடியில் இரு பக்கமும் செருகிவிட்டார், காற்றாடிக் காற்றில் தூங்குகிற ஒருவருக்குச் செய்கிற மாதிரி. அப்படியே நிமிராமல் சொன்னார்.

"இல்ல."

அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் 'இல்ல' அதுதான். போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். "புக்கான்," என்றேன். அவரல்ல என்று அர்த்தம். மொழிபெயர்ப்பில் தப்பு எதுவும் கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா நடந்ததை என் முகத்திலேயே படித்துவிட்டார். எதிர் வீட்டுக்குள் போய், அத்தையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"ஆமான்னு சொல்லுக்கா. இன்னும் நேரம் இருக்கு. தம்பி கூட்டிட்டுப் போவான்."

"அவரா இருந்தா இங்க வந்திருப்பாருடி. பாச்சாங் வரைக்கும் வந்தவரு பத்து பெரண்டாமுக்கு வர மாட்டாரா? இங்கேருந்துதான போனாரு, வழி தெரியாதா?"

"வெக்கமா இருந்திருக்கும்க்கா. வெறுங்கையோட, அழுக்குச் சட்டையோட எப்படிப் படியேறுறதுன்னு அங்கயே நின்னிருப்பாரு."

"எங்கிட்ட என்னடி வெக்கம்?"

அம்மா கடைசியாக இருந்த அஸ்திரத்தை எடுத்தார். "கொள்ளி வைக்க ஆளில்லாம, பேர்கூட இல்லாமப் பொதச்சிடுவாங்கக்கா."

"பாவம்தான்," என்றார் அத்தை. "அந்த மனுஷன் வீட்ல தேடிக்கிட்டு இருப்பாங்க."

ஆமாம் என்று சொன்னால் மாமா செத்துப்போவார். அதோடு போகாது. அத்தனை பக்கத்தில் வந்தும் தன்னைப் பார்க்க வராமல் போனவராகவும் ஆகிவிடுவார். அந்த இரண்டாவதைத்தான் அத்தையால் தாங்க முடியாது என்று நினைக்கிறேன். நாம் ஒருவரை நேசிக்கிறோம் என்கிறோம். பெரும்பாலும், அவர் நம்மை மறக்கவில்லை என்ற ஒரு கதையைத்தான் கட்டிக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம்.

நான் பாயைப் போய்ப் பார்த்தேன். கடை வாசலிலேயே நிற்க வைத்துப் பேசினார்.

"மொகம் அதேதான் தம்பி. ஆனா நான் சொல்லி என்ன ஆகப் போவுது? பொஞ்சாதி மாட்டேங்குதே."

"உங்ககிட்ட ஏதாச்சும் பேசினாரா பாய்?"

"வூட்டுக்குப் போகலியாப்பான்னு கேட்டேன். போவணும் பாய்னு சொன்னாரு. டீயைக் குடிச்சாரு. எழுந்து போயி பஸ் ஏறுனாரு." பாய் சாலையைக் காட்டினார். "பத்து பெரண்டாம் போறதுக்கு அந்தப் பக்கம் நிக்கணும். இந்தாளு இந்தப் பக்கம் நின்னு கிளேபாங் பஸ்ல ஏறிட்டாரு. நான் கூப்புட்டேன், காதுல விழலியா, விழுந்துதான் போனாரா, அல்லாவுக்குத்தான் தெரியும்."

இதை நான் அத்தையிடம் சொல்லவில்லை. சொல்லியும் ஆகப் போவதில்லை. கேட்க ஆள் வராத உடலை எத்தனை நாள் வைத்திருப்பார்களோ அத்தனை நாள் வைத்திருந்துவிட்டுப் புதைத்துவிட்டார்கள். விசாரித்தபோது, முடிந்தது என்றார்கள். எங்கே என்று நான் கேட்கவில்லை. யாருக்குப் போய்ச் சொல்வது?

அத்தை பொட்டை எடுக்கவில்லை, தாலியை எடுக்கவில்லை, கேண்டீனுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். மாறியது மற்றவர்கள்தான். கப்பல் வாங்கிவிட்டாரா என்று கேட்ட கமிட்டிக்காரர் கோயிலில் அத்தையைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். அந்த மரியாதையை அத்தை ஒரு அடி வாங்கியது போல வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். கீழ் வீட்டுப் பெண்ணுக்கு வளைகாப்பு நடந்தது. குங்குமத் தட்டு வரிசையாக வந்தது. அம்மாவுக்கு நீட்டினார்கள். அத்தை விரலைக் கொண்டுபோவதற்குள் தட்டு அடுத்த பெண்ணிடம் நகர்ந்துவிட்டது. கொடுத்தவள் கெட்டவள் இல்லை, சின்னப் பெண், பயந்துபோய்தான் நகர்த்தினாள். அத்தையின் விரல் அந்தரத்தில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அதே விரலால் காதோரத்து முடியை ஒதுக்கிக்கொண்டார். அம்மா எழுந்து போய்த் தட்டைத் திரும்பக் கொண்டுவந்தார். "பரவால்ல, விடுடி," என்றார் அத்தை.

அன்றைக்குப் பிறகு அவரிடம் யாரும் மாமாவைப் பற்றிக் கேட்கவில்லை. பிள்ளைகள்கூட. அவர்களுக்கு வீட்டில் சொல்லி வைத்திருக்க வேண்டும். கேலி போய்விட்டது, விஷமம் போய்விட்டது. எல்லாரும் நல்லவர்களாக மாறிவிட்டார்கள். 'வேலையா இருக்காரு' என்று சொல்வதற்கு யாராவது கேட்க வேண்டும். கேட்பாரில்லாமல் அந்தப் பதில் அத்தையிடமே தங்கிவிட்டது. சில சமயம் அவராகவே, "அவருக்குக் கத்தரிக்கா ஆவாது," என்று ஆரம்பிப்பார். எதிரில் இருப்பவர்கள் உடனே வேறு பேச்சுக்குத் தாவுவார்கள். நானும் தாவியிருக்கிறேன்.

எனக்கு ஜொகூரில் வேலை கிடைத்தது. கிளம்புகிற அன்று சொல்லிக்கொள்ளப் போனேன். சாயந்திரம், பக்கத்து விமான நிலையத்தின் பயிற்சி விமானங்கள் தாழப் பறந்து வட்டம் போட்டுக்கொண்டிருந்தன. அத்தை கதவோரம் முக்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஜொகூர் என்று சொன்னதும் கை நின்றது. பிறகு மறுபடி ஆயத் தொடங்கினார்.

"சாப்பாடெல்லாம் எப்படி தம்பி?"

"கேண்டீன் இருக்கு அத்தே."

"தம்பி." கீரையிலிருந்து நிமிராமல் பேசினார். "சின்னப் புள்ளையில கேட்டுக்கிட்டே இருப்பியே, மாமா எங்க அத்தேன்னு. இப்ப கேக்க மாட்டேங்குற."

கீழே சிதறியிருந்த ஒரு கீரைத் தண்டைக் குனிந்து எடுத்துக் கொடுத்தேன்.

"கேளு," என்றார்.

ஒரு விமானம் தலைக்கு மேலே போய் முடியட்டும் என்று காத்திருந்தேன். நான் பார்த்த பாதங்களை நினைக்காமல், பாய் காட்டிய சாலையை நினைக்காமல், சின்ன வயதில் எப்படிக் கேட்பேனோ அப்படிக் கேட்டுவிட வேண்டும் என்று நிஜமாகவே முயன்றேன்.

"மாமா எங்க அத்தே?"

அவர் நிமிர்ந்தார். பதில் தயாராக இருந்தது, உதடு பிரிந்ததைப் பார்த்தேன். ஆனால் பதிலைச் சொல்லுமுன் என் முகத்தைப் பார்த்துவிட்டார். வெகு நேரம் பார்த்தார். பிரிந்த உதடு மெல்ல மூடிக்கொண்டது.

"நீயுமா தம்பி," என்றார். "துக்கம் கேக்குற."